கேட்டலிஸ்ட் இருந்தாலும் பிவிசிய பிரிக்கணும்

மேல ஒரு அண்ணன் போட்டிருக்காரு, கேட்டலிஸ்ட் (வேதிவினைய வேகப்படுத்துற பொருள்) வந்துட்டதால இனிமே எந்த பிளாஸ்டிக்கையும் பிரிக்காம மொத்தமா பைராலிசிஸ்ல (காத்து படாம சூடாக்கி உடைக்கிற முறை) போட்டு எண்ணெயாக்கிடலாம்னு. பாதி சரிதாண்ணே. அப்படி சூடாக்கும்போது ஜியோலைட் மாதிரி கேட்டலிஸ்ட் இருந்தா பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் எல்லாம் கம்மி சூட்டுலயே உடையும், உண்மை.

ஆனா பிவிசி (குளோரின் இருக்குற ஒரு பிளாஸ்டிக் வகை) உள்ள வந்தா கதையே வேற, 300 டிகிரி பக்கத்துலயே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவ கக்கும், அது பிளான்ட்டோட பைப்ப அரிக்கும், கேட்டலிஸ்ட்டயும் கெடுக்கும், குளோரின் கொஞ்சம் எண்ணெய்லயும் தங்கிடும், அந்த எண்ணெய ரிஃபைனரில அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. அதனால முன்னாடியே பிரிக்கணும், இல்லன்னா குளோரின எடுக்க தனியா ஒரு ஸ்டெப் வைக்கணும்.

நான் சொல்றத நம்ப வேணாம், கணக்கு போட்டே பாருங்க. பிவிசில திரும்பத் திரும்ப வர்ற ஒரு யூனிட்னா 2 கார்பன், 3 ஹைட்ரஜன், 1 குளோரின். பீரியாடிக் டேபிள பாத்து எடைய கூட்டுனா 62.5, அதுல குளோரின் மட்டும் 35.5, பாதிக்கு மேல லா! வீட்டுல ஓ லெவல் படிக்கிற பிள்ளை இருந்தா அதுவே போட்டுக் காட்டிடும். ரீசைக்கிள் பண்ற நீலத் தொட்டில போடுறதுக்கு முன்னாடி பொருளோட அடில முக்கோணத்துக்குள்ள இருக்குற நம்பரயும் பாருங்க, 3னு இருந்தா அதான் பிவிசி. பைராலிசிஸ் பிளான்ட்காரங்க என்னென்ன பிளாஸ்டிக் எடுப்போம்னு போடுற லிஸ்ட்டயும் தேடிப் பாருங்க, குளோரினுக்கு லிமிட் வச்சிருப்பாங்க.