சாஃப் கோப்பை: மற்றவர்களும் ஜெயித்திருக்கிறார்கள்

தம்பி, தெற்காசிய நாடுகள் மோதும் கால்பந்துப் போட்டியான சாஃப் கோப்பையை இந்தியாவைத் தவிர யாரும் ஜெயித்ததில்லை, குவைத்தும் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

இந்தியா 9 முறை வென்றது, சரி. ஆனால் 1995-ல் இலங்கை, 2003-ல் வங்கதேசம், 2008-லும் 2018-லும் மாலத்தீவு, 2013-ல் ஆப்கானிஸ்தான் கோப்பையைத் தூக்கியிருக்கின்றன. 2003 தவிர மற்ற நான்கு இறுதி ஆட்டங்களிலும் தோற்றது நாம்தான். மாலத்தீவின் மொத்த மக்கள்தொகையே நம்ம சேலம் மாநகரத்தைவிடக் குறைவு. அவ்வளவு சின்ன நாடு இரண்டு முறை நம்மை வீழ்த்தியது எவ்வளவு பெரிய விஷயம்! நம்ம காந்தி மைதானத்தில் பந்து உதைக்கும் பசங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை அதுதான்.

அப்புறம் குவைத். 2023-ல் லெபனானும் குவைத்தும் விருந்தினர் அணிகளாகத்தான் வந்தன. இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரு கண்டீரவா அரங்கில்தான் நமக்கும் குவைத்துக்கும் இறுதி ஆட்டம். முதல் கோல் குவைத்துக்கு. நம்ம வீரர் சாங்டே சமன் செய்தார். 1-1. பெனால்டியில் ஐந்து சுற்று முடிந்தும் சமம். குவைத்தின் ஆறாவது உதையை நம்ம கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தடுத்த பிறகுதான் 5-4 என்று கோப்பை கிடைத்தது. சுலபமாக வந்த வெற்றியே இல்லை அது. தயவுசெய்து அந்த வரிகளைத் திருத்திவிடுங்கள்.