லேசரில் முடி எடுத்தால் புற்றுநோய் வருமா?

"லேசரில் முடி எடுத்தால் தோல் புற்றுநோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதற்கு ஆதாரம் இல்லை. தோல் செல்களின் மரபணுவை நேரடியாகச் சிதைப்பது வெயிலின் புற ஊதாக் கதிர். அதன் அலைநீளம் 400 நானோமீட்டருக்குள். முடி நீக்கும் லேசர்களோ பெரும்பாலும் 755, 810, 1064 நானோமீட்டர்; அவை புற ஊதாக் கதிரே அல்ல. அந்த ஒளியை முடியிலுள்ள மெலனின் என்ற கரு நிறமி உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர்க்கால் பழுதாகிறது.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் மாநிறத் தோலிலும் அதே மெலனின் நிறைய இருக்கிறது. அளவு தப்பினால் சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். முதலில் கொப்புளம், அப்புறம் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு. கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் கூடுதல் பாதுகாப்பு. எந்த லேசர் என்று தயங்காமல் கேளுங்கள். முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் வேர்க்காலைச் சுற்றித் தெரியும் சிவந்த தடிப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

"ஒரே தடவையில் நிரந்தரமாகப் போய்விடும்" என்பதும் பொய்தான். வளர்பருவத்தில் இருக்கும் முடிதான் நன்றாக அழியும். அதனால் பல தடவை போக வேண்டும். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்குத் தாடையில் மறுபடி முளைக்கலாம்.