நீட் பிஜிக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வரலைன்னா

மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி நெருங்கும்போது எனக்கு வரும் மெசேஜ்களில் பாடம் சம்பந்தப்பட்ட கேள்விகள் ரொம்பக் குறைவு. "அக்கா, தூக்கமே வர மாட்டேங்குது, நாளைக்கு எப்படி எழுதப் போறேன்னு தெரியல" என்பதுதான் அதிகம். அதற்கு அடுத்த மெசேஜ் பெரும்பாலும் பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரையைப் பற்றி, "அல்பிரசோலம் ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

மனநலத் துறையில் இருப்பவள் என்ற முறையில் இதற்கு என் பதில்: முந்தைய ராத்திரி சரியாகத் தூங்காததால் உங்கள் தேர்வு கெட்டுப்போகாது. அந்த ஒரு ராத்திரியை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று கடைசி நேரத்தில் போடும் மாத்திரையால் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேதியியல் படித்த மாணவர்களின் கையில் ஃபிட்பிட் கட்டி ஒரு செமஸ்டர் முழுக்கத் தூக்கத்தைக் கணக்கெடுத்தார்கள். 2019-ல் வெளியான ஆய்வு அது. டெஸ்டுக்கு முந்தைய ஒரு ராத்திரி எவ்வளவு தூங்கினார்கள் என்பதற்கும் மார்க்குக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. டெஸ்டுக்கு முந்தைய வாரமும் மாதமும் எப்படித் தூங்கினார்கள் என்பதற்குத் தொடர்பு இருந்தது. படித்தது மூளையில் பதிய இத்தனை நாள் தூக்கம் வேண்டியிருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் அந்த மாதம் முழுக்க ராத்திரி மூன்று மணி வரை கண்விழித்துவிட்டு, கடைசி ராத்திரி மட்டும் பத்து மணிக்குப் படுத்து எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். மூன்று மணிக்குப் பழகிய உடம்பு பத்து மணிக்கு எப்படித் தூங்கும்?

அன்றைக்கு ராத்திரி நடப்பதைப் பாருங்கள். பத்து மணிக்கு லைட்டை அணைத்தாயிற்று. பதினொன்றரைக்கு ஃபோனை எடுத்து மணி பார்க்கிறார்கள். "இப்ப தூங்கினாக்கூட ஆறு மணி நேரம்தான்." திரும்ப ஒரு மணிக்கு. "நாலரை மணி நேரம்தான்." கூடவே டெலிகிராம் குரூப்பில் யாரோ போட்ட 'எதிர்பார்க்கப்படும் கேள்விகள்' பிடிஎஃப் கண்ணில் படுகிறது. அதில் தெரியாத ஒன்று இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. தேர்வு பயத்தோடு படுத்தவர்கள், தூக்கம் வரவில்லையே என்கிற பயத்தில் விடியவிடிய விழித்துக் கிடக்கிறார்கள். தூக்கத்தை விரட்டிப் பிடிக்க முயன்றால் அது இன்னும் தள்ளித்தான் போகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்ல" என்று காலையில் சொல்பவர்களில் பலர் இடையிடையே தூங்கியிருப்பார்கள். பதற்றமான தூக்கம் விழிப்பு மாதிரியே மனதில் நிற்கும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அல்பிரசோலமோ அதே வகையைச் சேர்ந்த குளோனசெபமோ போட்டால் தூக்கம் வரலாம், மறுக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. குளோனசெபம் உடம்பில் பாதி குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அல்பிரசோலம் கொஞ்சம் சீக்கிரம் குறையும். ஆனாலும் இந்த வகை மருந்துகள் எல்லாமே ஞாபகத்தையும் கவனத்தையும் மந்தமாக்கும் என்று ஃபார்மகாலஜியில் நீங்களே படித்திருக்கிறீர்கள். பரீட்சை இப்போது எப்படி இருக்கிறது? 200 கேள்வி, 800 மார்க், ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 கேள்வி, 42 நிமிஷம். நேரம் முடிந்தால் அந்த செக்‌ஷன் மூடிவிடும், திரும்பப் போக முடியாது. மந்தமான தலையோடு உட்கார்ந்து முதல் செக்‌ஷனைக் கோட்டை விட்டால் 160 மார்க் கணக்கு அங்கேயே முடிந்தது, பிற்பாடு எவ்வளவு தெளிந்தாலும் சரி. தூங்காமல் போனவர்களுக்காவது அந்த நேரத்தில் பதற்றமே விழிப்பைக் கொடுக்கும். மாத்திரை அதையும் சேர்த்து அமுக்கிவிடும்.

ப்ரொப்ரனலாலும் அப்படித்தான். கை நடுக்கமும் படபடப்பும் குறையும் என்று சீனியர் கொடுத்தார் என்பதற்காகத் தேர்வன்று காலையில் முதல்முறையாகப் போடாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் தொடவே கூடாது. உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏற்கெனவே எடுத்துவரும் மருந்து என்றால் அது வேறு. அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? செய்ய வேண்டியது பெரும்பாலும் அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரத்தில்தான் இருக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எட்டரைக்கு சென்டர் கேட் மூடிவிடும், அதற்கு ஏற்ற நேரத்தில் தினமும் எழுந்துவிடுங்கள். முழு நீள மாதிரித் தேர்வான கிராண்ட் டெஸ்டைக் காலை ஒன்பது மணிக்கே போடுங்கள், ராத்திரி பத்து மணிக்குப் போட்டுப் பயனில்லை. காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக் காபி பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

முக்கியமான ஒன்று, ஹாஸ்டல் கட்டில். அந்தச் சின்ன ரூமில் படிப்பது, சாப்பிடுவது, வீடியோ பார்ப்பது, அழுவது எல்லாமே கட்டிலில்தான் நடக்கிறது. படுத்தால் தூக்கம் என்கிற பழக்கமே உடம்புக்கு மறந்துபோகிறது. கட்டில் தூங்க மட்டும் என்று உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1970-களில் கொண்டுவந்த முறை, இன்றைக்கும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி. லைப்ரரிக்கோ மெஸ் டேபிளுக்கோ போய்ப் படியுங்கள்.

அந்தக் கடைசி ராத்திரி வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கே படுங்கள். ஃபோனை அலாரம் வைத்து, கை எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். தூக்கம் வராமல் மனசு அலைந்தால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கண்ணை மூடிச் சும்மா கிடந்தாலும் உடம்புக்கு ஓய்வுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காலையில் பிள்ளை எழுந்ததும் "நல்லா தூங்கினியாப்பா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லும்போதே பாதித் தெம்பு போய்விடும். இட்லியை வைத்துவிட்டு ஹால் டிக்கெட், அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாத் தூக்கமின்மையும் தேர்வு பயம் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்கிற நினைப்பு வந்தால் அதற்கு என் பதிவு போதாது. சொந்தக் கல்லூரி சைக்கியாட்ரி ஓ.பி.யில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. 14416-க்கு ஃபோன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. 2024-ல் ஜூன் 23 காலை நடக்க வேண்டிய தேர்வை 22-ஆம் தேதி ராத்திரி தள்ளிவைத்தார்கள். வேற்றூர் சென்டருக்கு ரயிலேறிப் போய் லாட்ஜில் படுத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி அங்கேதான் கிடைத்தது. இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு எந்த பேட்ச் நிம்மதியாகத் தூங்கும்? 2025-ல் ஜூலை 31 வரை இன்டர்ன்ஷிப் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சியை முடிக்கலாம் என்றார்கள், தேர்வு ஆகஸ்ட் 3. ஹவுஸ் சர்ஜனாக நைட் டூட்டி பார்த்துக்கொண்டே தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்து என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

டூட்டி ரோஸ்டர் போடும் யூனிட் சீஃப்களும் அசிஸ்டன்ட் புரொபசர்களும் இதைப் படித்தால், தேர்வு எழுதுபவர்களுக்குக் கடைசிப் பதினைந்து நாள் நைட் டூட்டி மட்டும் போடாதீர்கள். பகலில் எவ்வளவு வேலை வேண்டுமானாலும் கொடுங்கள், பார்ப்பார்கள்.