"வெறும் சளிதான்" என்றோம்

தம்பி மகனுக்கு அப்போது ஐந்து வாரம். பாலர் பள்ளியிலிருந்து அவன் அக்கா கொண்டுவந்த சளி அவனுக்கும் தொற்றியது. "வெறும் சளிதான், நெஞ்சில் தைலம் தடவு" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. (கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலமே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.) நாலாம் நாள் விடிகாலையில் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கடியில் குழி விழுந்தது. பினாங்கின் பிறை ஊரிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆர்.எஸ்.வி. வைரஸ் என்றார்கள். நுரையீரலின் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளுமாம். ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள், குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். வைத்தியமே அவ்வளவுதான். "ஆன்டிபயாட்டிக்கூடக் கொடுக்காமல் இவரெல்லாம் என்ன டாக்டர்?" என்று வார்டு வாசலில் மாமா சத்தம் போட்டார். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. கேட்டவுடன் எழுதிக் கொடுக்காத அந்த டாக்டரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆறாம் நாள் பிள்ளை வீடு திரும்பினான்.

அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 1966-இல் அமெரிக்காவில் இந்த வைரஸுக்கு ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் வந்தபோது அது இன்னும் கடுமையாகத் தாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அடியிலிருந்து ஆராய்ச்சி மீள அரை நூற்றாண்டு ஆனது. வைரஸின் மேலுள்ள எஃப் புரதம், நம் செல்லுக்குள் நுழையுமுன் ஒரு வடிவத்திலும் நுழைந்தபின் வேறு வடிவத்திலும் இருக்கும். நுழையுமுன் இருக்கும் அந்த வடிவத்தை 2013-இல் விஞ்ஞானிகள் துல்லியமாகக் கண்டார்கள். எதைக் குறிவைப்பது என்று அதற்குப் பிறகே தெளிவானது.

இன்று இரண்டு வழி உண்டு. ஒன்று, கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசி. 2023-இல் ஒப்புதல் பெற்றது. தாயின் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடும். மற்றது நிர்செவிமாப், குழந்தைக்கே நேராகப் போடும் ஊசி. ஆயத்தமான எதிர்ப்புப் புரதம் அது, ஒரே ஊசி ஐந்து மாதம்போலக் காக்கும். ஸ்பெயினின் கலீசியா மாநிலம் 2023 செப்டம்பரில் இதைக் கைக்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. ஆர்.எஸ்.வி.யால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் ஆபத்து 82 சதவீதம் குறைந்தது.

உலகில் ஆண்டுக்கு ஒரு லட்சம் சிறு பிள்ளைகள் இந்த வைரஸால் சாகிறார்கள். பெரும்பாலும் ஏழை, நடுத்தர நாடுகளில். இந்த இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பிறந்த பிள்ளைக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை இலவசமாகப் போடும் நாடு நம் மலேசியா. இதையும் சுகாதார கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் மூச்சாக இது ஆகிவிடக் கூடாது.

கர்ப்பமாக இருக்கும் தங்கைகளே, அடுத்த செக்கப்பில் கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தை நீட்டும்போது இதைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள். மூத்த பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சின்னதைத் தொட விடாதீர்கள். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம். விலாவில் குழி விழுந்தாலோ, வழக்கமான பாலில் பாதிகூட இறங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.