வள்ளலார் மறைந்தது வடலூர் ஞான சபையில் அல்ல

"வடலூர் ஞான சபைதான் வள்ளலார் சமாதி, அவர் உடல் அங்கேதான் இருக்கிறது" என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். தவறு, ஐயா. அங்கே சமாதியே கிடையாது. 1872 தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கிய சபை அது. ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டும் இடம்.

அவர் மறைந்தது சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில், 1874 ஜனவரி 30 இரவு. அறைக்குள் போனவர், கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் யாரும் அவரைப் பார்க்கவில்லை. 1906இல் வந்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரும் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) இதைத்தான் சொல்கிறது. ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுவே.

தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள், அவர் பயன்படுத்திய பொருள்கள் இருக்கும் பேழையைப் பூப்பல்லக்கில் வைத்து வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்குத் தூக்கிப் போவார்கள். கடலூரிலிருந்து என் ஆத்தா வருஷா வருஷம் அந்தப் பல்லக்கின் பின்னால் வெறுங்காலோடு நடப்பார். அவர் மறைந்த அந்த அறையைக் காணும் திருஅறை தரிசனம் அங்கேதான்.

இன்னொன்று. இறந்தவரை எரிக்க வேண்டும் என்று வள்ளலார் சொன்னார் என்பதும் தவறு. புதைக்கத்தான் சொன்னார், திரும்பத் திரும்ப. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.