கோதுமையை நிறுத்த முதல் இரத்தத்தைச் சோதியுங்கள்

வயிறு ஊதுகிறது, அடிக்கடி வயிற்றோட்டம், உடம்பில் தெம்பில்லை என்று யாராவது சொன்னால் இப்போது எல்லாரும் கொடுக்கும் முதல் வைத்தியம் "கோதுமை மாவை விட்டுப் பார்" என்பதுதான். யூடியூப்பில் சொல்கிறார்கள், லீவில் வந்த வெளிநாட்டுச் சொந்தம் சொல்கிறது, பக்கத்து வீட்டு மாமியும் சொல்கிறார். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். செலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய்) என்று சந்தேகம் வந்தால், சோதனை முடியும்வரை பாணையும் ரொட்டியையும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சோதனை முதல், பத்தியம் பிறகு. பதிவு நீளம்தான், ஆனால் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

என் மூத்த மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. அவளுக்குத் தைத்த பள்ளிச் சட்டை அடுத்த வருடமும் அளவாகவே இருந்தது. நாங்களும் "அவள் அப்பா வழியில் எல்லாரும் கட்டைதானே" என்று இருந்தோம். முகம் வெளிறி, வாயில் அடிக்கடி புண் வரும். காட்டிய இடத்திலெல்லாம் "ரத்தம் காணாது" என்றார்கள். பூச்சிக் குளிசை கொடுத்தார்கள், இரும்புச்சத்துப் பாணி கொடுத்தார்கள், கீரையும் முட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் குடித்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று என்னைத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது.

கடைசியாகப் பார்த்த பிள்ளை டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். இரும்புச்சத்தைப் பெரும்பாலும் உறிஞ்சுவது முன்சிறுகுடல். செலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், இந்த நோய் உள்ளவரின் எதிர்ப்புச்சக்தி தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சடைமுளைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, சத்தை உறிஞ்சுகிற அந்தச் சின்ன முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எந்தப் பாணியைக் குடித்தாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றோட்டம் இல்லாமலே, இரத்தக்குறைவும் வளர்த்திக் குறைவும் மட்டுமாகவும் இந்த நோய் வரும். பெரியவர்களுக்கு எலும்பு தேய்வது, பிள்ளை தங்காமல் போவது என்றுகூட வெளிப்படலாம்.

சோதனை எப்படி என்று பலர் கேட்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். முதலில் டிடிஜி ஐஜிஏ என்ற இரத்தச் சோதனை. குடலைத் தாக்கும்போது உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை அது தேடுகிறது. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐஜிஏ என்பது பிறபொருளெதிரியில் ஒரு வகை, சிலருக்கு உடம்பிலேயே அது குறைவு. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் சோதனை "இல்லை" என்று வந்துவிடும். எங்களுக்கு மட்டக்களப்பில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள், ரிப்போர்ட் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அளவு கூடியிருந்தால் எண்டொஸ்கோபி செய்து, அதாவது வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு, முன்சிறுகுடலில் சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்துப் பார்ப்பார்கள் (இதுதான் பயொப்சி). பிள்ளைகளுக்கு டிடிஜி அளவு சாதாரண உச்ச அளவைப்போல 10 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்து, வேறொரு நாள் எடுத்த இரத்தத்தில் இன்னொரு சோதனையும் உறுதிப்படுத்தினால், பயொப்சி இல்லாமலே முடிவுசெய்யும் வழியும் இப்போது உண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளெல்லாம் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறவருக்குத்தான் சரியாக வரும். தாக்குதல் நடந்துகொண்டிருந்தால்தானே தடயம் கிடைக்கும்? கோதுமையை விட்டால் பிறபொருளெதிரி மெல்ல இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டல் சொல்கிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு தம்பி யாரோ சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் மாச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பிறகு போய்ச் சோதித்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. திரும்பப் பாண் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கியபோது அவர் பட்ட வயிற்றுவலியைப் பார்த்தவள் நான். பாதியிலேயே கைவிட்டுவிட்டார். இன்றுவரை தனக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன, சாப்பிடாமல் இருந்தால் சரிதானே என்று கேட்கலாம். சரியில்லை. செலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க ஒரு துணுக்கும் ஆகாது. வேறு காரணத்தால் வயிறு ஊதுகிறது என்றால் அவ்வளவு கட்டுப்பாடு தேவையே இல்லை, அந்தக் காரணத்தைத்தான் தேட வேண்டும். பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் என்று நெருங்கிய இரத்த உறவில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம், அவர்களையும் சோதிக்க வேண்டும். பெயர் தெரியாமல் இதில் எதையும் செய்ய முடியாது.

"இது வெள்ளைக்காரரின் நோய், எங்களுக்கு வராது" என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வட இந்தியாவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் அதைவிட நன்றாகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குறைவாக இருக்கும் ஊரில்தான் டாக்டர்மாருக்கும் இது சட்டென்று நினைவுக்கு வராது, அதனால் எங்கள் பிள்ளைகள் கூடுதலாக அலைய வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர் இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று சந்தேகித்துக்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் அங்கே கொடும் பஞ்சம். ஊரே பட்டினி கிடக்க, இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் திரும்ப விழுந்தார்கள். இதை வாசித்தபோது போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மாவும் சீனியும் வராத காலம்தான் என் மனதில் வந்தது. அப்போது எந்தப் பிள்ளைக்கு வயிறு ஆறியது என்று யார் பார்த்தார்கள்?

சரி, சோதனை முடிந்து நோய் உறுதியானால் எப்படி வாழ்வது? நெல்லுக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது சுலபம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். அம்பாறையும் மட்டக்களப்பும் நாட்டுக்கே சோறு போடுகிற மாவட்டங்கள். சோறு, மீன்குழம்பு, எருமைத் தயிர், குரக்கன், சோளன், ஒடியல் மா, எல்லாம் குளூட்டன் இல்லாதவை. வெளிநாட்டிலிருந்து விலைகூடிய விசேட பாண் எடுப்பிக்கத் தேவையே இல்லை.

ஆனால் அமெரிக்கன் மா என்று அம்மம்மாமார் இன்றும் சொல்கிற அந்த மா, அந்நிய உதவியாக வந்து, 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை வந்த பிறகு எங்கள் சட்டிபானை எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கடையில் அரிசிமாப் பிட்டு என்று வாங்குவதில் பல நேரம் பாதி அவித்த கோதுமை மா. பிட்டு மெத்தென்று வரும், விலையும் கட்டும். வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் முழுக்க அதுதான். சிவப்பு இடியப்பம் என்றாலும் நிறத்தை நம்பாதீர்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். மோதகத்தின் மேல்மா, பயற்றம் பணியாரத்தைத் தோய்க்கும் மா, முறுக்கு, கட்லட்டின் தூள், ஃபிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சோஸ், கடைப் பெருங்காயத் தூள், எல்லாவற்றிலும் கோதுமை இருக்கலாம். ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட், மைலோ மூன்றிலும் பார்லி மோல்ட். பிள்ளை மெலிந்துபோனாள் என்று பாசத்தோடு வாங்கி வருகிறவர்கள் அதைத்தான் கொண்டுவருகிறார்கள்.

எங்களுக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது மில். அரிசியை நாங்களே ஊறவைத்து, வடித்து, கொண்டுபோய் அரைப்பித்து வருவோம். சுத்தமான அரிசிமா. இருந்தும் மகளின் டிடிஜி அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஒருநாள் மில்லில் நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர் சத்துமா அரைப்பித்தார். அவருடைய பையில் பயறு, கடலை, உழுந்தோடு கோதுமையும் பார்லியும் கலந்திருந்தது. அந்த மாத்தூள் வாய்க்குழாயில் படிந்திருக்க, அடுத்ததாக என் அரிசி அதற்குள் போனது. மில் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். இப்போது காலையில் மெஷினைத் துடைத்து, ஒரு சுண்டு அரிசி போட்டு ஓட்டி அதைக் கோழிக்கு ஒதுக்கிவிட்டு, முதல் ஆளாக எங்களுடையதை அரைத்துத் தருகிறார். வீட்டிலும் அவளுக்குத் தனி அரிதட்டு, தனி நீத்துப்பெட்டி, தனி இடியப்ப உரல். பழைய நீத்துப்பெட்டியின் ஓலைப் பின்னலுக்குள் ஒட்டின மாவை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்க முடியாது.

இவ்வளவையும் பார்க்கிறவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். ஒரு கலியாண வீட்டில் மகளின் கையில் கேக் துண்டை வைத்துக்கொண்டு பெரியம்மா ஒருவர் கேட்டார், "கொஞ்சூண்டு தின்டா என்னகா ஆகப்போகுது? புள்ள ஆசைப்படுறாளே." அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் போனாலே குடல் மறுபடி கெடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு துணுக்கு. உடனே வாந்தி வராவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கும். ஆசைப்படுகிற பிள்ளைக்குத் தொதல் கொடுங்கள், அரிசிமாவில் மட்டும் கிண்டியது என்று கேட்டுவிட்டு. காத்தான்குடித் தோழி பெருநாளைக்கு அனுப்பும் வட்டிலப்பத்தை அவள் கிண்ணத்தோடு முடித்துவிடுவாள். முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, அதில் மாவே இல்லை. வைகாசிக் குளிர்த்தியில் கோயில் பொங்கலும் பழமும் எல்லாப் பிள்ளையையும் போலவே சாப்பிடுகிறாள். கத்தோலிக்க வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன்: நற்கருணை அப்பமும் கோதுமைதான், ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்குத் திருச்சபையில் அனுமதி உண்டு. பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

மெலிவதற்காகவோ நாகரிகத்துக்காகவோ "நான் குளூட்டன் சாப்பிடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு பரிமாறும்போது ஒரு பற்றிஸ் எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சாப்பாடு உங்கள் உரிமை. ஆனால் அதைப் பார்த்த கடைக்காரர் என் மகளையும் அப்படித்தான் நினைக்கிறார். "ஆகாது" என்று நாங்கள் சொன்னால் அது வைத்தியரின் சொல் என்று அவருக்கு விளங்குவதில்லை.

அவளுக்கு இப்போது ஹீமோகுளோபின் ஏறிவிட்டது, சட்டை வருடத்துக்கு வருடம் கட்டையாகிறது. சின்னவனின் முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. பின்னாளிலும் வரலாம் என்பதால் திரும்பவும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவனுக்குப் பாண் தொடர்கிறது, தனிப் பலகையில், தனிக் கத்தியில்.

களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கம் கோதுமை கலக்காத அரிசிமாப் பிட்டோ இடியப்பமோ அவித்து விற்கிற அக்காமார் இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். கலக்கிறவர்களும் கேட்டால் கலக்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கோபிக்கமாட்டோம், வேறு சாமான் வாங்கிக்கொண்டு போவோம்.