இன்டர்ஸ்டெல்லர்: விளங்கின இடமும் விளக்கின இடமும்

2014இல் வந்த இன்டர்ஸ்டெல்லர் என்ற விண்வெளிப் படத்தைப் பற்றிக் கதை எடுத்தால் இப்பவும் எங்கட ஆட்கள் இரண்டு கட்சி. ஒரு பகுதி தலையில் தூக்கி வைக்கும், மற்றது "ஒரு கோதாரியும் விளங்கேல்லை" என்னும். எனக்குச் சிக்கலான பகுதியெல்லாம் பிடித்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்ததைப் பாடமெடுத்த இடத்தில்தான் கோபம்.

படத்தில் வாற தண்ணிக் கிரகத்தை எடுங்கோ. வெளிச்சத்தைக்கூட வெளியே விடாத ஈர்ப்புள்ள கருந்துளைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஒரு மணித்தியாலம் பூமியில் 7 வருஷம். கணக்குப் பார்த்தால் அங்கே ஒரு செக்கன் இங்கே ஏறக்குறைய 17 மணித்தியாலம்! இது வெறும் கற்பனை இல்லை. ஈர்ப்பு கூடின இடத்தில் நேரம் மெதுவாகத்தான் ஓடும். ஜிபிஎஸ் செய்மதிகளின் மணிக்கூடுகளையே அந்த வித்தியாசத்துக்காகத் திருத்தித்தான் வைத்திருக்கிறார்கள். கருந்துளையைத் திரையில் காட்டச் சமன்பாடுகள் கொடுத்த விஞ்ஞானி கிப் தோர்ன், 2017இல் பௌதிகவியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். இவ்வளவு கனமான விஷயத்தை இயக்குநர் நோலன் எங்களை நம்பித் தந்தது பெரிய மரியாதை.

அந்தக் கிரகத்திலிருந்து விண்கலத்துக்குத் திரும்பி வந்த கதாநாயகன் கூப்பர், பூமியில் விட்டுவந்த பிள்ளைகளிடமிருந்து 23 வருஷமாகச் சேர்ந்து கிடந்த வீடியோக்களைப் பார்க்கிறான். மகன் தன் பிள்ளையைக் காட்டுகிறான். அடுத்ததில் தாத்தா செத்துப்போனதைச் சொல்கிறான், இனித் தகப்பனை எதிர்பார்க்கப் போவதில்லை என்கிறான். பதில் சொல்ல வழியில்லாமல் இவன் குலுங்கி அழுகிறான். கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்த சனத்தைக் கண்டவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து அப்பா கசெட்டில் பேசி அனுப்பினதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, இதில் விளக்க என்ன இருக்கு? நோலனும் விளக்கவில்லை. கமராவை அந்த முகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி எடுக்கத் தெரிந்த மனுசன், கருந்துளைக்குள் விழுந்த கூப்பரை மகளின் அறைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி, பாசம்தான் எல்லாத்துக்கும் திறப்பு என்று ரோபோவுக்குச் சொல்ல வைக்கிறார். அந்த வீடியோக்களைப் பார்த்து அழுத எங்களுக்கு அது தெரியாதா?

கடைசிக் காட்சியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. படம் முழுக்க இவன் ஏங்கின மகள் கிழவியாகிக் கட்டிலில் கிடக்கிறாள். இரண்டு கதை கதைத்து, அவள் போகச் சொன்னதும் கிளம்பிவிடுகிறான். கட்டிலைச் சுற்றி நிற்கிறது முழுக்க இவன் வழி வந்த சனம். அதில் ஒரு சின்னனிடமாவது "நீ ஆற்ற பிள்ளையடா?" என்று கேட்டிருக்கக் கூடாதா?